நந்தவனத்தின் தர்மகர்த்தா யார்?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தொப்பூர்க் கணவாயின் மேடேறி வரும் யாத்ரீக அன்பர்கள் முதலில் தேடுவது நிழல். அடுத்துத் தேடுவது நீர். அதன் பின்னரே சந்நிதி. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. களைத்த உடம்பு மர நிழலில் சற்று இளைப்பாறுவதும் எம்பெருமான் அளிக்கும் பிரசாதமே. இதனை அறிந்தே நம் முன்னோர் ஆலயம் எடுத்த இடங்களில் நந்தவனமும் திருக்குளமும் உடன் அமைத்தனர். இக்காலத்து ஊர்ப் பூங்காக்களும் அந்த நந்தவனத்தின் வழிவந்தவையே. நந்தவனத்து மலர் பகவானுக்கு. பூங்காவின் நிழல் அவன் படைத்த ஜீவர்களுக்கு. இரண்டையும் தமது என்று எவரும் சொல்ல இயலாது. ஆயினும் எவராவது காத்தாக வேண்டும்.

முன்னொரு உற்சவத்தின்போது, தீர்த்தம் பிரசாதம் பெற்ற பின், முதிய அன்பர் ஒருவர் அடியேனைத் தனியே அழைத்தார். தம் ஊரில் குளக்கரையை ஒட்டிய பூங்கா ஒன்றை ஓர் அறக்கட்டளை பராமரித்து வருவதாகவும், தாம் அதன் அறங்காவலருள் ஒருவர் என்றும் சொன்னார். “ஸ்வாமி! பத்து ஆண்டுகளாக ஒரு காசு வாங்காமல் உழைத்தேன். என் கைப்பணமும் போட்டிருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒரு பிள்ளையாண்டான் எழுந்து என்னிடம் கணக்குக் கேட்டான். இனி அந்தப் பக்கம் போவதில்லை என்று வந்துவிட்டேன். கூலி வாங்காதவனிடம் கணக்குக் கேட்பது தர்மமா?” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அன்று அடியேன், “தேவரீர் மனம் அமைதியடைய எம்பெருமானைப் பிரார்த்திக்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது மறுமொழி ஆகாது என்பதை அடியேன் அறிவேன். அந்த மறுமொழியையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் அவர் பக்கத்து நியாயத்தைக் குறைவின்றிச் சொல்ல வேண்டும். பூர்வபக்ஷத்தை மெலிவாகச் சொல்லி வெல்வது சாஸ்திர முறையன்று. ஊதியம் பெறுபவன் கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவன். அவனுக்குக் கொடுத்ததற்கு ஈடு கேட்கிறோம். ஒன்றும் பெறாதவனிடம் எதற்கு ஈடு கேட்பது? சந்தேகத்தோடு கேள்வி கேட்டால் மானமுள்ளவர் விலகுவர், மானமில்லாதவரே எஞ்சுவர், அப்பொழுது தர்மமே அழியும். இவ்வாதம் வலியதே. எத்தனையோ ஊர்களில் நல்லவர்கள் இவ்வாறே ஒதுங்கிப் போனதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, முன்னோர் இதனை எவ்வாறு கண்டனர் என்று பார்ப்போம். சோழர் காலம் தொடங்கி நம் ஆலயச் சுவர்களில் நந்தவனங்களுக்கு விட்ட நிலங்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அந்நிலத்திற்குத் ‘திருநந்தவனப்புறம்’ என்று பெயர். வைணவ ஆலயக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ‘இது ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று காணலாம். அதாவது, இத்தர்மம் ஒரு தனி மனிதனின் காவலில் இல்லை. இங்கு வந்து சேவிக்கும் அடியார் கூட்டம் முழுவதன் காவலில் உள்ளது என்பது பொருள். தானம் அளித்த மன்னர்கள், தமக்குப் பின் இத்தர்மத்தைக் காப்பவர்களின் பாதங்கள் தம் தலைமேல் என்று பொறிக்கச் செய்தனர். தானம் செய்தலும் செய்த தானத்தைக் காத்தலும் ஆகிய இரண்டினுள் காத்தலே மேலானது. கொடுத்தவன் சுவர்க்கம் எய்துவான், காத்தவனோ அச்சுதன் பதமே எய்துவான் என்ற கருத்துடைய சுலோகமும் சாசனங்களில் வருகிறது. காப்பவனுக்கு இதனினும் உயர்ந்த மரியாதை உண்டோ? ஆனால் அதே கல்லில், அத்தர்மத்திற்குத் தீங்கு செய்தவன் அடையும் பாவமும் சொல்லப்பட்டிருக்கிறது. மரியாதையும் எச்சரிக்கையும் ஒரே கல்லில் உள்ளன. காப்பவன் கூலி பெற்றானா இல்லையா என்று அங்கே வேறுபாடு சொல்லவில்லை.

இதன் காரணத்தை நம் ஸித்தாந்தத்தில் காணலாம். கீதைக்கு உரையிட்ட எம்பெருமானார், கர்மம் செய்பவன் விட வேண்டியவை மூன்று என்று காட்டியருளினார். பலனை விடுதல் பல த்யாகம். ‘இது என்னுடையது’ என்ற எண்ணத்தை விடுதல் மமதா த்யாகம். ‘நானே செய்கிறேன்’ என்ற எண்ணத்தை விடுதல் கர்த்ருத்வ த்யாகம். மூன்றும் சேர்ந்ததே சாத்விக த்யாகம். ஊதியம் வேண்டாம் என்பவர் விட்டது முதலாவதை மட்டுமே. அதிலும் பணமாக வரும் பகுதியை மட்டுமே. புகழும் மாலையும் முன்வரிசை ஆசனமும் பலனே அல்லவா? ‘நான் வளர்த்த பூங்கா’ என்னும்போது இரண்டாவது நிற்கிறது. ‘நான் இல்லாவிட்டால் பட்டுப்போகும்’ என்னும்போது மூன்றாவது நிற்கிறது. மூன்றில் எளியதை விட்டுவிட்டு, அரிய இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டு, அந்த எளியதையே காட்டிக் கேள்வியைத் தடுப்பது நம் மனம் செய்யும் சூழ்ச்சி.

மகான்களும் இந்தச் சூழ்ச்சிக்குத் தப்புவது அரிது என்பதை உணர்த்தும் சரித்திரம் ஒன்று திருமலையில் உண்டு. திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய வல்லார் எவரேனும் உண்டோ என்று ராமாநுஜர் வினவியபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்தவர் அனந்தாழ்வான். மலையேறி ஆசார்யர் திருநாமத்தாலேயே நந்தவனம் அமைத்தார். அதற்கு நீர் வேண்டி, கர்ப்பவதியான தம் தேவிகளோடு ஏரி வெட்டினார். மண் சுமந்து தளர்ந்த அவ்வம்மைக்கு ஒரு சிறுவன் வந்து கூடையை வாங்கி உதவினான். தமது கைங்கரியத்தில் பிறர் பங்கு கொள்வதா என்று சினந்து, அனந்தாழ்வான் கையிலிருந்த கடப்பாரையை எறிந்தார். அது சிறுவன் மோவாயில் பட்டது. பின்னர் சந்நிதியில் பெருமான் மோவாயில் குருதி கண்டு நடுங்கினார். இன்றும் அத்திருமோவாயில் பச்சைக்கற்பூரம் சாத்தப்படுகிறது. கடப்பாரை திருமலை மகாத்வாரத்தில் தொங்குகிறது.

ஆசார்ய புருஷர்களிடம் குற்றம் காண்பது அடியேன் கருத்தன்று. அவருக்கு இருந்தது கைங்கரியத்தில் உள்ள பேராசை. நமக்கு அதன் ஒரு துளியும் இல்லை. எனினும் அக்கடப்பாரையைப் பெரியோர் ஒளித்து வைக்காமல் வாசலிலேயே மாட்டி வைத்தது ஏன்? உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து, ‘இது என் கைங்கரியம்’ என்ற ஒரு சொல் பகவான்மீதே சென்று பட்டதை நினைக்க வேண்டும் என்றே அடியேனுக்குத் தோன்றுகிறது.

இதனை அடியேன் பிறர்க்கு உபதேசமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், சந்நிதிக்குப் பின்னே ஒரு துளசி வனத்தை வளர்த்து வந்தேன். கிணற்றிலிருந்து சேந்தி ஊற்றுவது அடியேன் வழக்கம். ஊர்ப் பையன் ஒருவன் நாள்தோறும் வந்து, தானும் இரண்டு வாளி ஊற்றட்டுமா என்று கேட்பான். “உனக்கு ஆசாரம் தெரியாதப்பா” என்று விலக்கிவிடுவேன். உண்மையில் ஆசாரம் ஒரு சாக்கே. ஒரு சித்திரை மாதம் காய்ச்சல் கண்டு சேலத்தில் உறவினர் இல்லத்தில் இருபது நாள் படுத்திருந்தேன். திரும்பி வந்தபோது துளசி முழுவதும் கருகி நின்றது. தண்ணீருக்குக் குறைவில்லை, ஊற்ற மனமுள்ளவனும் இருந்தான். கயிறும் வாளியும் அடியேன் வீட்டில் பூட்டிக் கிடந்தன! அவ்வாண்டுத் திருமஞ்சனத்திற்குத் தர்மபுரிக் கடைவீதியில் துளசி வாங்கினோம். அடியேன் ஒரு காசும் எடுத்தவனல்லன்; ஆயினும் அந்தத் துளசியைத் திருடியவன் அடியேனே.

இனிக் கணக்கிற்கு வருவோம். நம் இதிஹாசத்தில் அறங்காவலருக்கு இலக்கணமாக நிற்பவன் பரதாழ்வான். பாதுகைகளை அரியணையில் வைத்து, நந்திக்ராமத்தில் மரவுரி தரித்துப் பதினான்கு ஆண்டுகள் நாடு காத்தான். அவனுக்குமேல் கூலி துறந்தவர் எவர்? பெருமாள் மீண்டு வந்ததும் அவன் செய்தது என்ன? வால்மீகி பகவான் சொல்கிறார்: பொக்கிஷத்தையும் களஞ்சியத்தையும் நகரத்தையும் சேனையையும் பார்வையிட்டருள வேண்டும் என்று தானாகவே விண்ணப்பித்தான், எல்லாம் பத்து மடங்கு ஆகியுள்ளன, அது தேவரீருடைய தேஜஸால் என்றான். எவரும் கேட்கவில்லை, அவனை ஐயுறுவாரும் இல்லை. ஆயினும் கணக்கை ஒப்படைத்தான்; பெருக்கத்தின் பெருமையையும் ஒப்படைத்தான். முன்னது மமதா த்யாகம், பின்னது கர்த்ருத்வ த்யாகம். கணக்கு என்பது சந்தேகத்திற்குச் சொல்லும் விடையன்று. ‘இது என்னுடையதன்று’ என்று காகிதத்தில் எழுதும் சரணாகதி.

உலகியல் சட்டமும் இவ்வழியே செல்கிறது. 1882-ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு இயற்றப்பட்டதே எனினும், அதன் நெறி பொதுத் தர்மங்களுக்கும் ஒக்கும். ஏற்பாடு இல்லாதவிடத்து அறங்காவலர் ஊதியம் பெற உரிமையில்லை என்று சொல்லும் அதே சட்டம், அவர் தெளிவான கணக்கு வைத்துப் பயனாளி கேட்டால் காட்ட வேண்டும் என்றும், விவேகமுள்ள சாதாரண மனிதன் தன் பொருளைக் காப்பதுபோல் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1863-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலயங்களை மேற்பார்க்க அமைந்த குழுவினர் ஆயுட்காலத்திற்கு நியமிக்கப்பட்டனர். தமிழகத்தில் இன்று நடக்கும் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில், பரம்பரை அறங்காவலர் நீங்கலாக ஏனையோருக்குக் காலவரையறை உண்டு. பதவி நம்மைவிட்டு நீங்குவது, அது நம்முடையதன்று என்பதைக் கற்பிக்கும் நல்லாசிரியன்.

கடல் கடந்த ஒரு பூங்காவையும் சொல்லலாம். அமெரிக்காவில் நியூயார்க் நகரின் நடுவே 843 ஏக்கர் பரப்புள்ள சென்ட்ரல் பார்க் 1970-களில் கவனிப்பாரின்றிச் சீரழிந்தது. 1980-இல் குடிமக்கள் ஒரு தர்ம ஸ்தாபனம் அமைத்து, அறங்காவலர் குழுவின்கீழ் நன்கொடை திரட்டி அதனை மீட்டனர். ஆனால் பூங்கா இன்றும் நகரத்தின் சொத்தே. பராமரிப்பு மட்டும் நகரத்தோடு செய்த ஒப்பந்தப்படி ஸ்தாபனத்தினுடையது. உரிமை ஓரிடம், உழைப்பு ஓரிடம். நம் மொழியில் சொன்னால், சேஷி வேறு, சேஷபூதர் வேறு.

ஆகவே அம்முதியவருக்கு அடியேன் விண்ணப்பம் இது. தேவரீர் திரும்பிச் செல்ல வேண்டும். அந்தப் பிள்ளையாண்டான் கேட்டதைக் காட்டிலும் அதிகமாகக் காட்ட வேண்டும். வரவு செலவைப் பூங்கா வாயிலிலேயே எழுதித் தொங்கவிடலாம். சாவி இருவரிடம் இருக்கட்டும். கேட்ட பிள்ளையின் கையில் ஒரு வாளியும் கொடுக்கட்டும். கேள்வி கேட்பவனுக்கு அக்கறை உண்டு, அக்கறை உள்ளவனே நாளைய அறங்காவலன். அவனுக்கும் ஒரு சொல்: கணக்குக் கேட்பதற்கு முன் கைகூப்பு. பத்து ஆண்டு உழைத்தவர் பாதங்களைத் தம் தலைமேல் வைத்தவர்கள் அரசர்கள்.

யாத்ரீக அன்பர்களே! ‘ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை’ என்று கல்லில் எழுதியவர்கள் நம்மை நினைந்தே எழுதினர். இன்று நாம் உட்கார்ந்து எழுந்து போகும் நிழலுக்கு நாமும் தர்மகர்த்தர்களே. இலையையும் காகிதத்தையும் விட்டுப் போகாமல், ஒரு செம்பு நீரையேனும் ஒரு வேரில் ஊற்றிச் செல்வோமாக. அடியேன் வீட்டில் இப்பொழுது கயிறும் வாளியும் இல்லை, கிணற்றடியிலேயே இருக்கின்றன. எவரும் எடுக்கலாம்.

சுபம்.