மயிற்பீலியும் வண்டி அச்சும்

பழனி வட்டாரத்துச் சமவெளியில் தனித்து நிற்கிறது ஐவர்மலை. அதன் பாறைத் தாழ்வாரத்தின் கீழே தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கி.பி. 870-இல், இரண்டாம் வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டில், சாந்திவீரக் குரவர் என்ற சமணத் துறவி இங்கிருந்த பார்சுவநாதர் உருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்தார். வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் சோற்றுக்குமாக 505 காணம் பொன்னும் வைத்தார். சக ஆண்டும் மன்னனின் ஆட்சியாண்டும் சேர்ந்தே பொறிக்கப்பட்டிருப்பதால், பாண்டியர் காலவரிசையைக் கணிப்பவர்களுக்கு இந்தக் கல்வெட்டு உறுதியான பிடிமானம்.

மலையடிவாரத்தில் இன்று தென்னந்தோப்புகள். அவற்றுக்கு நடுவே, பச்சை மரக்கட்டைகளை ஏற்றிக்கொண்டு டிராக்டரும் டிரெய்லரும் போகின்றன. அந்தத் துறவியின் மரபில் வந்த ஒருவர் அந்த வண்டியைப் பார்த்தால் என்ன சொல்வார்?

விடை எளிதில் கிடைப்பதுபோலத்தான் தோன்றும். 12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தில் வாழ்ந்த ஹேமசந்திரரின் யோகசாஸ்திரம், சமண இல்லறத்தார் விலக்க வேண்டிய 15 பிழைப்புகளை வரிசைப்படுத்துகிறது. கரி சுட்டு விற்பது முதலாவது. இரண்டாவது வனகர்மம்: மரம் வெட்டிப் பிழைப்பது. மூன்றாவது சகடகர்மம்: வண்டி செய்து விற்பது. நான்காவது பாடககர்மம்: வண்டியை வாடகைக்கு ஓட்டுவது. மரம் வெட்டும் தொழில் நடத்துகிற ஒருவர், புதிய டிரெய்லர் செய்யச் சொல்லி ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நிற்கும்போது, இரண்டாவது முதல் நான்காவது வரை அடுத்தடுத்து வரும் மூன்று விலக்குகளும் அந்த ஓரிடத்தில் சந்தித்துவிடுகின்றன.

அப்படியானால் அவர் அறத்துக்கு வெளியே நிற்பவரா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், உள்மாவட்டங்கள் வழியாக மேற்கே நகர்ந்தது. கொடைக்கானல் மலைச்சாலைகளில் மரங்கள் விழுந்து வழி அடைபட்டபோது ஊர் தேடியது ரம்பம் வைத்திருந்தவர்களைத்தான். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேல மரங்களை அகற்றச் சொன்னபோது அந்த உத்தரவைக் கையால் நிறைவேற்ற வேண்டியிருந்தவர்களும் அவர்களே. ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த தென்னையையும், மின்கம்பியில் உரசுகிற வேப்பங்கிளையையும் யாராவது இறக்கத்தான் வேண்டும். மறுபக்கம், 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. ஒரு மரத்தை அகற்று, இன்னொன்றைத் தொடாதே என்கிற இரண்டு கட்டளைகளும் வந்து விழுவது ஒரே ஆளின் தோளில்.

மகாபாரதத்தின் வனபர்வத்தில் மிதிலை நகரத்து இறைச்சி வியாபாரி ஒருவர் வருகிறார். தர்மவியாதர் என்று பெயர். கௌசிகன் என்ற அந்தணன் அவரிடம் அறம் கேட்கப் போகிறான். இந்தத் தொழில் உமக்குத் தகுமா என்று கேட்கிறவனிடம் அவர், ஏரோட்டுகிற உழவனின் கொழுமுனையில் மண்ணுக்குள் எத்தனை உயிர்கள் மாய்கின்றன என்று எண்ணிப்பார்க்கச் சொல்கிறார். உயிர்வதை ஒட்டாத வாழ்க்கை எங்கும் இல்லை என்பது அவர் வாதம். இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் இதிலேயே நின்றுவிட்டால், எல்லாரும் செய்கிற தவறுதானே என்று எவரும் கைகழுவிக்கொள்ளலாம். தர்மவியாதரே அப்படிக் கைகழுவியவர் இல்லை. தானே விலங்குகளைக் கொல்வதில்லை, இறைச்சி உண்பதுமில்லை என்று தனக்கு எல்லை வகுத்துக்கொண்டவர்.

அந்த எல்லையை எங்கே வகுப்பது என்பதற்குச் சமணத்துக்குள்ளேயே கூர்மையான ஓர் அளவுகோல் உண்டு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வன்முறைக்கு வரையறை சொல்லும்போது, உயிர் போவதை மட்டும் வைத்து அளக்கவில்லை. 'பிரமத்தம்' என்ற சொல்லை முன்னே வைக்கிறது. அசட்டை, மெத்தனம், விழிப்பின்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அந்த மெத்தனத்தால் உயிருக்கு நேரும் கேடே இம்சை என்பது அதன் நிலை. துறவிகளுக்கு விதித்த ஐந்து சமிதிகளுள், அதாவது கவன ஒழுக்கங்களுள், முதலாவது, பார்த்து நடப்பது. நான்காவது, ஒரு பொருளைக் கவனமாக எடுப்பதும் கவனமாக வைப்பதும். திகம்பரத் துறவிகள் மயிற்பீலிக் கற்றையைக் கையில் வைத்திருப்பது இதற்காகத்தான். உட்காருமுன், ஒரு பொருளை வைக்குமுன், அந்த இடத்துச் சிற்றுயிர்களை வலிக்காமல் ஒதுக்கிவிட அது உதவும்.

திருக்குறளில் அதே மயிற்பீலி வேறோர் இடத்தில் வருகிறது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் அதை வண்டியில் ஏற்றுகிறார். எடையே இல்லாததுபோன்ற பீலிதான் என்றாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்கிறார். எடுப்பதும் வைப்பதும் ஏற்றுவதும் எல்லாம் கவனத்தின் காரியம் என்று இரண்டு பீலிகளும் காட்டுகின்றன. இந்த இடத்தில்தான் டிரெய்லர் தேர்வு, விலை பேசுகிற விவகாரம் என்ற நிலையிலிருந்து அறக்கேள்வியாக மாறுகிறது.

பச்சை மரத்தின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். புளி போன்ற கனமான மரத்தின் பச்சைக் கட்டை ஒரு கன மீட்டர் இருந்தால் ஒரு டன்னுக்குக் குறையாது. விறகாகக் காய்ந்த கட்டையைப் பார்த்துப் பழகிய கண் இங்கே ஏமாறும். தொட்டி பாதிதான் நிரம்பியிருக்கும். அதற்குள் அச்சு தாங்கும் எடை கடந்திருக்கும். அதனால் நீள அகலத்தைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, அச்சு எத்தனை டன்னுக்கு என்பது. பிறகு டயரின் தாங்குதிறன், ஹப்பும் பேரிங்கும். சேஸைப் பெட்டிக் குழாயில் செய்தால் முறுக்கைத் தாங்கும். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்தால் துரு வெளியே தெரியாமலே தின்னும். சி-சேனலில் துரு கண்ணுக்குத் தெரியும், சுரண்டி வர்ணம் பூசலாம். பட்டறையில் வெல்டிங் ஓடிய இடங்களை, முக்கியமாக அச்சும் சேஸும் சேருமிடத்தையும் டிராக்டரோடு மாட்டும் கொக்கியின் அடியையும், வர்ணம் அடிப்பதற்கு முன்பே குனிந்து பார்த்துவிட வேண்டும். வர்ணம் நல்ல வெல்டிங்கையும் கெட்ட வெல்டிங்கையும் ஒன்றாக்கிவிடும்.

இரண்டு சக்கர டிரெய்லரில் எடையின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் இறங்குகிறது. பருத்த அடிக்கட்டையைப் பின்னால் போட்டால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். நான்கு சக்கரத்தில் அந்தத் தொல்லை குறைவு, தோப்பு வரப்பில் திருப்புவதுதான் சிரமம். தொட்டியின் தரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, லோடுமேன்களின் முதுகு அவ்வளவு பிழைக்கும். பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் மொத்தப் பாரமும் டிராக்டரை முன்னே தள்ளும். தனி பிரேக் வைக்கச் சொன்னால் செலவு கூடும். அந்தக் கூடுதல் செலவு யாருடைய உயிருக்கானது என்று உரிமையாளர் தன்னையே கேட்டுக்கொள்வது, சூத்திரம் சொல்கிற விழிப்பு.

ஏனென்றால் தேர்வு செய்பவர் ஒருவர், அடிபடுபவர் இன்னொருவர். மலிவான அச்சு முறியும்போது உரிமையாளர் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. கட்டைகளின் மேல் கயிற்றைப் பிடித்து உட்கார்ந்து வருகிற கூலியாள் இருப்பார், அல்லது பின்னால் இருசக்கர வாகனத்தில் வருகிற குடும்பம் இருக்கும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அளவு மீறிய எடைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் வைக்கிறது. பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டு போகிற சரக்குக்கும் 20,000 ரூபாய். தண்டத்துக்குப் பயந்து அளவோடு ஏற்றுவதும் நல்லதே. தண்டிக்க யாரும் நிற்காத தோப்புப் பாதையிலும் அதே அளவோடு ஏற்றுவதைத்தான் சமணர்கள் விரதம் என்றார்கள்.

இதிலும் ஓர் உறுத்தல் மிச்சமிருக்கிறது. வலுவான டிரெய்லர் சாலையில் போகிறவர்களைக் காக்கும். மரத்தை அது காக்குமா? ஒரே நடையில் அதிகம் ஏற்ற முடிந்தால் அதிகம் வெட்டத்தானே தோன்றும்? இந்தக் கடனை எந்த இரும்பும் தீர்க்காது. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களில் சேர்க்கிறது; சமணமும் அப்படியே கொள்கிறது. அதன் இல்லற நோன்பு, அசைந்து திரியும் உயிர்களை மனமறிந்து வதைப்பதை முற்றிலும் விலக்கச் சொல்கிறது. ஓரறிவு உயிர்களைத் தேவைக்கு மேல் தொடாதே என்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, தெய்வ உருவுக்கு மரம் எடுக்கப் போகிறவன் முதல்நாள் இரவே அந்த மரத்தை வணங்கி, அதில் தங்கியிருக்கும் உயிர்களை இடம் மாறிக்கொள்ளும்படி வேண்ட வேண்டும் என்று விதிக்கிறது. இன்றைய தொழிலில் அதற்கு இணையாக ஒன்று உண்டு. ரம்பத்தை முடுக்குவதற்கு முன் அண்ணாந்து பார்ப்பது. கிளையில் கூடு இருக்கிறதா, பொந்தில் கிளிக்குஞ்சு இருக்கிறதா, முழு மரமும் போகத்தான் வேண்டுமா, ஒரு கிளை போதுமா என்று பார்ப்பது.

மறைந்திருப்பதையும் தேடிப் பார்க்கிற இந்தப் பழக்கம், பழனிக்கு அருகிலுள்ள திண்டுக்கல்லுக்குப் புதிதல்ல. கையால் செய்யும் இந்த ஊர்ப் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டு வாங்க வருகிறவர்கள் உள்ளே எத்தனை லீவர் என்று கேட்பார்கள்; மூடியபின் தெரியாத வேலையைப் பற்றிக் கேட்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் கேள்வியை டிரெய்லர் பட்டறைக்கும் கொண்டுபோகலாம்.

தை பிறந்ததும் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குப் போகிற சாலையோரம் முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள். பச்சை வேட்டியும் காவடியுமாக இரவிலும் நடப்பார்கள். குழந்தைகளும் வயதானவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய பைகளிலும் கைக்கோல்களிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவது காவல்துறையினரின் வழக்கம். அதே இருட்டில் அதே சாலையில் மரம் ஏற்றிய டிரெய்லரும் வந்தாக வேண்டும். அதனால் பட்டறையில் அச்சும் பிரேக்கும் பேசி முடித்தபின், முன்பணம் கொடுப்பதற்கு முன், இன்னும் ஒன்று கேட்க இருக்கிறது: "அண்ணே, தொட்டிக்கு வெளியே கட்டை நீட்டாம இருந்தாலும், கயிறும் தழையும் பின்னாடி தொங்கும். அது மறைக்காத இடமாப் பாத்து செவப்பு லைட்டை எங்க வைக்கலாம்?"