குழாயின் இன்னொரு முனை

எடுத்துச் செல்லும் ஆக்சிஜன் கருவிக்கான விளம்பரப் படங்களில் எப்போதும் ஒருவர் தனியாக நடந்துகொண்டிருப்பார். தோளில் பை, மூக்கில் மெல்லிய குழாய், முகத்தில் சிரிப்பு. இனி யார் துணையும் வேண்டாம் என்பதே படம் சொல்லும் சேதி. உடம்பில் ஓரளவு தெம்பு உள்ளவர்களுக்கு அது பொருந்தும். தெம்பே கரைந்துபோனவர்கள் நிலை வேறு. கருவி இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும். மூச்சுக்காக அதைத் தூக்க வேண்டும், தூக்கினால் மூச்சு வாங்கும்.

எனக்கு நுரையீரலில் ஃபைப்ரோசிஸ். விரிந்து சுருங்க வேண்டிய திசு தழும்பேறி விறைத்துப்போகும் நோய். சும்மா உட்கார்ந்திருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94 காட்டும். குளியலறை வரை போய்த் திரும்பினால் 83க்கு இறங்கிவிடும். பார்க்க வருகிறவர்கள் நாற்காலியில் இருக்கும் என்னைத்தான் பார்க்கிறார்கள், 'நல்லாத்தானே இருக்கீங்க' என்கிறார்கள். ஆறு நிமிடம் நடக்கவைத்துச் சோதித்த மருத்துவர், நடமாடும் நேரத்துக்கு ஆக்சிஜன் அவசியம் என்றார். அதற்குள் உடம்பு 41 கிலோவுக்கு வற்றியிருந்தது. கைப்பிடியை அழுத்தாமல் எழுந்திருக்கக் கால்களில் வலுவில்லை.

வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தைப் பார்த்தவர்கள் நாம். சிலிண்டருக்கும் கான்சன்ட்ரேட்டருக்கும் ஜனங்கள் ஊர் ஊராக அலைந்ததைக் கண்ட பிறகு, ஆக்சிஜன் என்றாலே கடைசிக் கட்டம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. அந்தப் பயத்துக்கு முன்னால் வேறொரு வரலாறு இருக்கிறது. 1960களிலேயே அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் பெட்டி என்ற மருத்துவர், நுரையீரல் கெட்டவர்களைக் கட்டிலில் கிடத்தாமல், திரவ ஆக்சிஜன் நிரப்பிய சிறு கலனைக் கொடுத்து நடக்கவைத்தார். 1980இல் அமெரிக்காவிலும் 1981இல் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள், நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனவர்கள் தினம் 15 மணி நேரமோ அதற்கு மேலோ ஆக்சிஜன் எடுத்துக்கொண்டால் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று காட்டின. என்னைப் போல நடந்தால் மட்டும் குறைகிறவர்கள் 84 பேரைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. இரண்டு வாரம் ஆக்சிஜனோடு, இரண்டு வாரம் அது இல்லாமல். ஆக்சிஜன் இருந்த வாரங்களில் அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது என்பதே முடிவு. ஆயுளை அது அளக்கவில்லை. எனக்கு அதில் குறையேதும் தெரியவில்லை. வாசல்வரை போய்வர முடிகிற ஒரு வாரம் எப்படிப்பட்டது என்று முடியாதவர்களுக்குத் தெரியும்.

ஆனால் வாசல்வரை யார் தூக்குவது? சக்கரம் வைத்த சிறு வண்டி வாங்கிப் பார்த்தோம். எங்கள் கும்பகோணத்து வீட்டின் நிலைப்படிகளுக்கும் தெருவின் பள்ளங்களுக்கும் அது சரிவரவில்லை. கடைசியில் பையை மருமகள் தோளில் மாட்டிக்கொண்டாள். குழாய் இரண்டு மீட்டருக்கும் குறைவு. அந்த நீளத்துக்குள் நாங்கள் இருவரும் நடந்தாக வேண்டும்.

இப்படி நடந்து பழகுவதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அவள் எந்தப் பக்கம் வருவாள், வாசற்படியில் யார் முதலில் இறங்குவது, எதிரே வண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று எல்லாவற்றையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் ஓர் அடி முந்தினால் குழாய் காதை இழுக்கும். காதின் பின்புறம் புண்ணாகாமலிருக்கப் பஞ்சு சுற்றிக்கொள்கிறேன். மூக்கு வறண்டால் வாசலின் தடவக் கூடாது, எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேரக் கூடாதவை. தண்ணீரில் கரையும் களிம்புதான்.

எதிர்பாராத விஷயம் சத்தம். இந்த வகைக் கருவி ஆக்சிஜனை விடாமல் ஊற்றுவதில்லை. நான் மூச்சை இழுக்கும் கணத்தை உணர்ந்து ஒரு சிறு வீச்சாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் 'புஸ்' என்று ஓர் ஓசை. மூச்சு மேலோட்டமாக இருந்தால் அதற்குப் புரியாது, பீப் அடிக்கும். பலவீனமானவர்கள் வாங்கும்முன் தங்களுக்கே மாட்டி, நடந்து, ஆக்சிமீட்டரைப் பார்த்துவிட வேண்டும். அதில் உள்ள எண் 2 என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருளும் இல்லை. இதையெல்லாம் விட என்னைப் பாதித்தது, என் மூச்சு இப்போது இன்னொருவர் காதில் விழுகிறது என்பது. நான் களைத்தால் ஓசை நெருக்கமாகும். பேச்சை நிறுத்தாமல், முகத்தை மாற்றாமல் களைப்பை மறைக்கும் வித்தை எனக்குக் கைவந்தது. அது இனிச் செல்லாது. "அத்தை, திண்ணையில கொஞ்சம் உக்காருங்க" என்று நான் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லிவிடுகிறாள். முதலில் இது எரிச்சலாக இருந்தது. உடம்பின் கடைசி அந்தரங்கமும் போய்விட்டதே என்றிருந்தது.

நம் ஊரில் வயதானவர்கள் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்று: கிடையில் விழாமல், யாருக்கும் பாரமாக இல்லாமல், கைகால் நன்றாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். நானும் விளக்கின்முன் அப்படித்தான் வேண்டியிருக்கிறேன். அந்த வேண்டுதலில் நடமாட்டத்துக்கும் படுக்கைக்கும் நடுவே உள்ள வருடங்களுக்கு இடமே கிடையாது. அங்கேதான் இன்று எத்தனையோ பேர் வாழ்ந்துகொண்டிருக்கிறோம். 'உங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று சொல்லிச் சொல்லியே அறைக்குள் ஒடுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய கருவி அலமாரியில் இருக்கும். ஒடுங்கியிருப்பதால் கால்கள் இன்னும் வலுவிழக்கும், பிறகு கேட்க வேண்டிய உதவி பெரிதாகும். சிரமம் கொடுக்காமலிருக்கும் வழி என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்காக உதவியை உரிமையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அவள் பள்ளிக்கூட ஆசிரியை. மாலையில் வரும்போது அவளுக்கும் கால் வலிக்கிறது. சிரமம் சிரமம்தான். ஆகவே கேட்கிறேன். முடியாத நாளில் முடியாது என்கிறாள், அது எனக்குப் பெரிய நிம்மதி. மறுக்கும் சுதந்திரம் அவளுக்கு இருப்பதால்தான் சரி என்கிற நாளில் கூச்சமில்லாமல் நடக்க முடிகிறது.

நெருப்பைப் பிரிந்ததுதான் இன்னும் ஆறவில்லை. ஆக்சிஜன் தானாக எரியாது, எரிவதை மூர்க்கமாக எரியவைக்கும். புடவையிலும் முடியிலும் அது சிறிது நேரம் தங்கியும் இருக்கும். குழாயோடு அடுப்பருகே போகக் கூடாது, குத்துவிளக்கும் ஊதுவத்தியும் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் காலை அடுப்பையும் மாலை விளக்கையும் ஏற்றியவள் நான். இப்போது சமையலறைக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்கிறேன், புளி கரைக்க வேண்டிய அளவைச் சொல்கிறேன். சாரங்கபாணி கோயிலில் தீபத் தட்டு வரும்போது நான் தூணோரம் தள்ளி நிற்பேன். அவளும் நிற்க வேண்டும், பை அவள் தோளில் அல்லவா. சுடரில் கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் அவளும் திரும்புகிறாள். இதை அவளிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "சாமி அங்கேருந்தும் தெரியுது அத்தை" என்றாள். இருந்தாலும் மாற்று ஏற்பாடு செய்தேன். தட்டு வருகிற நேரம் என்னைத் தூணோரம் உட்காரவைத்து, பையை என் மடியில் வைத்துவிட்டு அவள் முன்னால் போகிறாள்.

ஆவணியில் தம்பி மகளுக்குத் திருச்சியில் கல்யாணம். முழு சார்ஜில் இன்னொரு பேட்டரியும் எடுத்துக்கொள்ள வேண்டும். தம்பியிடம் சொல்லிவிட்டேன்: ஹோமப் புகை எட்டாத இடத்தில், பிளக் பாயின்ட் பக்கம், கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடு. அட்சதை போட மேடைக்கு வரமாட்டேன். ஹோமம் அணைந்த பிறகு பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்த ஏறுவேன், அப்போது பையை நீ தூக்க வேண்டும், மருமகளும் ஒருநாள் கல்யாணம் பார்க்கட்டும். "எந்தப் பக்கம் நிக்கணும்க்கா?" என்று கேட்டான். இடது பக்கம் என்றேன்.