ஒளித்து வைத்த ஆடை

சீனச் சந்திர நாட்காட்டியில் ஏழாம் மாதத்தின் ஏழாம் நாள் ச்சீஷி. இன்று அதைச் சீனக் காதலர் தினம் என்கிறார்கள், ரோஜாவும் சாக்லேட்டும் விற்கிறார்கள். அதற்குப் பின்னாலிருக்கும் கதையை மக்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். அதிகம் பரவிய வடிவம் இது.

அண்ணன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட மாட்டுக்காரன் நியூலாங். அவனுடைய கிழட்டு மாடு ஒருநாள் வாய் திறந்து பேசுகிறது: தேவகன்னிகள் குளிக்க வருவார்கள், ஒருத்தியின் உடையை எடுத்து ஒளித்துவை. அவனும் அப்படியே செய்கிறான். உடையில்லாமல் வானுக்குத் திரும்ப முடியாத நெசவுக்காரி ஜிநூ அவனுக்கு மனைவியாகிறாள். இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன. பிறகு வானத்து அரசியன்னை வந்து அவளைப் பிடித்துக்கொண்டு போகிறாள். செத்த மாட்டின் தோலைப் போர்த்தி, காவடியின் இருபக்கக் கூடைகளிலும் குழந்தைகளை வைத்துக்கொண்டு இவன் பின்னாலேயே பறக்கிறான். அரசி கொண்டை ஊசியால் கிழித்த கோடு பால்வீதியாகிறது. அதன் இரு கரைகளிலும் நிற்கிற விண்மீன்கள்தான் வேகாவும் ஆல்டேரும். வருடத்துக்கு ஓர் இரவு மட்டும் மேக்பை பறவைகள் கூடிப் பாலம் கட்டும்.

எல்லாரும் அழுவது பாலத்துக்காக. நான் அந்த உடையிலேயே நின்றுவிடுகிறேன். திருட்டில் தொடங்கியதைக் காதல் என்று சொல்ல முடியுமா?

அந்தக் காலத்துக் கதையை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்காதே என்பார்கள். சரி, அந்தக் காலத்துக்கே போவோம். கதையின் பழைய வடிவமொன்றில் திருட்டே கிடையாது. தனியாக நெய்துகொண்டிருக்கும் மகள்மேல் இரக்கப்பட்டு வானத்து அரசரே அவளைக் கட்டிவைக்கிறார். கல்யாணமானதும் அவள் தறியை மறந்துவிட, கோபத்தில் பிரித்துவிடுகிறார். உடை திருடுவது வேறொரு கதைக்குச் சொந்தம். நான்காம் நூற்றாண்டில் கான் பாவ் தொகுத்த விநோதக் கதைகளில் அது இருக்கிறது: ஒருவன் வயலில் ஒரு பறவைப் பெண்ணின் இறகாடையை எடுத்து மறைக்கிறான். அவளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். மூன்று பெண் குழந்தைகள். பல நாள் கழித்து அவள் அந்தக் குழந்தைகளை விட்டே அப்பாவிடம் கேட்கச் சொல்கிறாள். ஆடை நெற்கதிர்க் குவியலுக்கு அடியில் இருக்கிறது. எடுக்கிறாள், உடுத்துகிறாள், பறந்துவிடுகிறாள். பிறகு திரும்பி வந்து மகள்களையும் அழைத்துக்கொண்டு போகிறாள்.

ஆக, கேள்வி புதிதல்ல. ஆடை கையில் கிடைத்தால் அவள் என்ன செய்வாள் என்று அந்தக் கதைசொல்லி ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டான். நியூலாங் கதையோ அதைக் கேட்கவே விடாமல் அரசியை உள்ளே கொண்டுவருகிறது. வில்லி வந்தவுடன் திருடன் காதலனாகிவிடுகிறான். சாமர்த்தியம்தான்.

என் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறேன். சந்தாவை ரத்து செய்யும் பட்டனை நாலு மெனுவுக்கு அடியில் புதைத்துவிட்டு, "நம்மளை விட்டு யாருமே போறதில்ல" என்று வரைபடம் காட்டுகிற கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். பிடித்துத் தங்கியவரும் வழி தெரியாமல் தங்கியவரும் அந்த வரைபடத்தில் ஒரே கோடுதான். ஜிநூ தங்கினாள், பிள்ளை பெற்றாள், நெய்தாள். அவளுக்கு அவன்மேல் அன்பு வந்திருக்கலாம். வரவில்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அதைச் சாட்சியாகக் காட்டும் உரிமை உடையை ஒளித்தவனுக்கு இல்லை. அவள் மனதை அறியும் ஒரே வழியை அடைத்தவனே அவன்தான்.

பிரிவுக்குப் பிறகுதான் எனக்குக் கதை பிடிக்கிறது. இப்போது உடை அவளிடம், தறி அவளிடம். வருடத்தில் ஒரு நாள் பாலம் வருகிறது. அவள் ஏறாமல் இருந்துவிட்டால் அவனால் என்ன செய்ய முடியும்? இருந்தும் வருகிறாள். அவர்களுக்குள் நடந்த எல்லாவற்றிலும் அவளாக நடந்துவந்தது அது ஒன்றுதான். தண்டனை என்று அரசி கொடுத்தது, அவன் கொடுக்காததை அவளுக்குக் கொடுத்துவிட்டது. (அரசிக்கு அந்த எண்ணம் இருந்திருக்காது.)

இந்த நாளைக் காதலோடு மட்டும் கட்டியது சமீபத்தில்தான். பல நூற்றாண்டுகளாக இது பெண்களின் நாள். நிலவொளியில் ஊசியில் நூல் கோத்து, ஜிநூவிடம் கைத்திறன் கேட்பார்கள். சிலந்தியைப் பெட்டியில் அடைத்துவைத்து, காலையில் வலை எப்படிப் பின்னியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அவர்களுக்கு அவள் யாருடைய மனைவி என்பதைவிட, அவள் நெசவுக்காரி என்பதே முக்கியம்.

இன்னொரு நம்பிக்கையும் உண்டு. அன்றிரவு திராட்சைப் பந்தலின் கீழ் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் இருவரும் பேசிக்கொள்வது காதில் விழுமாம். கேட்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து முடித்தபின், அந்த உடையை எங்கே வைத்திருந்தாய் என்று அவள் எந்த வருடத்தில் கேட்டாள், அவன் என்ன சொன்னான் என்று.