தறி நின்றால் கேட்கிறது

ஆரணி நெசவாளர் தெருவில் ஒரு வீட்டுத் தறிச் சத்தம் நின்றால் போதும், "என்ன, இழை அறுந்துடுச்சா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். அதே சுவரைத் தாண்டி வரும் அடியும் அழுகையும் மட்டும் 'அவங்க குடும்ப விஷயம்' ஆகிவிடுகிறது.

குடும்ப வன்முறைக்கு எதிராக 2008-இல் வந்த 'பெல் பஜாவோ' பிரசாரம் கேட்டது சின்னக் காரியம்தான்: சத்தம் கேட்டால் அந்த வீட்டு அழைப்புமணியை அடியுங்கள். பால் இருக்கிறதா, பந்து விழுந்ததா என்று ஒரு சாக்கு போதும். (சண்டைக்குப் போகச் சொல்லவில்லை.) ஓங்கிய கை ஒரு கணமாவது இறங்கும்.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181. நள்ளிரவிலும் அழைக்கலாம்.