இல்லறத்தாரின் வேதசாட்சியம்

வேதசாட்சிகள் என்றதும் நம் சிந்தை பெரும்பாலும் துறவிகளிடமும் குருமார்களிடமுமே செல்கிறது. அவர்களுடைய தியாகத்தைக் குறைத்துப் பேசுவது என் கருத்தன்று. எனினும், தம் மரணத்துக்குரிய விலையைத் தாமே முழுவதும் செலுத்திவிடும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தது என்பதையும், மனைவி மக்களை உடையவர் அதே வழியில் செல்லும்போது அதில் பெரும்பங்கைப் பிறர் சுமக்க நேர்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆஸ்திரியாவிலே செயின்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் பயிர்த்தொழில் செய்து, அவ்வூர்க் கோவிலின் பணிவிடைகளையும் கவனித்துவந்த பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டரின் சரித்திரம் இந்தத் தர்மசங்கடத்தை நம்முன் நிறுத்துகிறது. 1938-இல் தேசத்தை ஜெர்மனியோடு இணைப்பது பற்றி வாக்கெடுப்பு நடந்தபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. ஹிட்லரின் யுத்தம் அநியாயமானது, அதில் ஆயுதம் ஏந்துவது பாவம் என்று தெளிந்த அவர், லின்ஸ் நகர மேற்றிராணியாரிடம் ஆலோசனை கேட்கச் சென்றார். குடும்பத்தைக் காப்பதே முதற் கடமை என்றும், யுத்தத்தின் நியாய அநியாயங்களுக்கு ஆள்வோரே பொறுப்பாளிகள் என்றும் மேற்றிராணியார் புத்தி சொன்னார். இதைக் கோழையின் வார்த்தை என்று தள்ளிவிடுவது, தூரத்தில் இருக்கும் நமக்கு எளிது. நான் அவ்வாறு தள்ளமாட்டேன். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பனாரிடம் நல்லெண்ணம் உடைய எவரும் அதைத்தான் சொல்லியிருப்பர்; உற்றாரும் ஊராரும் அதையேதான் சொன்னார்கள்.

ஆயினும் அந்த ஆலோசனையை ஏற்பதில் ஓர் ஆபத்து உண்டு. தன் கை செய்யும் காரியத்தின் பாவத்தை அரசன் தலையில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு குடியானவனும் நிம்மதியாக இருக்கலாமென்றால், எந்தக் கொடுங்கோலனுக்கும் கைகளுக்குப் பஞ்சமே வராது. தன் குழந்தைகளுக்காக என்று சொல்லி ஒருவன் துணியும் அநீதியோ, வேறு தேசத்துக் குழந்தைகளின்மேல் சென்று விழுகிறது. இல்லறக் கடமை மெய்யானதுதான். கடவுளின் கட்டளையை ரத்துசெய்யும் அதிகாரம் அதற்கு இல்லை.

1943 மார்ச் முதல் தேதி அவர் என்ஸ் படைமுகாமில் ஆஜராகி, போரிட மறுப்பதாக அறிவித்தார். மருத்துவப் பணியாளராகச் சேவை செய்ய அவர் முன்வந்ததும் ஏற்கப்படவில்லை. சாவைத் தேடி அலைந்தவர் அல்லர் அவர் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. ஜூலை 6-இல் பெர்லின் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க்கில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 36.

அவர் மனைவி பிரான்சிஸ்காவும் முதலில் கணவரைத் தடுத்தவர்தாம். எல்லோரும் அவருக்கு எதிராக வாதிடுவதைக் கண்டபின், தாமும் கைவிட்டால் அவருக்கென்று ஒருவரும் இரார் என்று அவர் பக்கம் நின்றார். யுத்தம் முடிந்த பின்பும் ஊராரின் கசப்பு அந்த அம்மையாரை விட்டபாடில்லை. விதவைக்குரிய உதவித்தொகையும் 1950 வரை மறுக்கப்பட்டது. 2007-இல் லின்ஸ் பேராலயத்தில் திருச்சபை அவர் கணவரை அருளாளர் என்று அறிவித்தபோது, 94 வயது மூதாட்டியாய் அவரும் அங்கே இருந்தார். அந்தச் சாட்சியத்தில் அவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டென்பதே என் துணிபு.