காலிக் குடம்

கார் வாங்கப் போனது நான். பணம் என்னுடையது. ஓட்டப்போகிறவளும் நான்தான். துணைக்கு வந்த தம்பிக்கு ஓட்டுநர் உரிமம்கூடக் கிடையாது. ஆனாலும் காட்சியகத்து இளைஞர் எஞ்சினைப் பற்றித் தம்பியிடமும் நிறத்தைப் பற்றி என்னிடமும் பேசினார். கியர் மாற்றி ஓட்டும் வண்டிதான் வேண்டும், அதிலும் கொஞ்சம் துடிப்பான எஞ்சின் வேண்டும் என்று நான் சொன்னதும் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். "சார், மேடத்துக்கு ஆட்டோமேட்டிக்தான் வசதி. டிராஃபிக்ல கால் வலிக்காது. காலேஜுக்குப் போய்ட்டு வர எதுக்கு சார் மேனுவல், அதுவும் டர்போ?"

வீட்டுக்கு வந்தால் அம்மாவும் அதையே கேட்டார். "எதுக்குடி இது?"

நான் உண்மையைச் சொல்லவில்லை. "லாரியை முந்தும்போது வண்டி சட்டுன்னு வேகம் எடுக்கணும்மா. அதுதான் பாதுகாப்பு" என்றேன். அதில் பாதி உண்மை இருக்கலாம். மீதிப் பாதி, எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது என்பது. கியரை மாற்றும்போது கையில் வரும் அந்த உறுதியான 'டக்' பிடித்திருந்தது. நாற்பதைக் கடந்தவள், முனைவர் பட்டம் வாங்கியவள், பெண்களின் விருப்பம் பற்றி மேடைகளில் பேசுகிறவள், எனக்குப் பிடித்திருக்கிறது என்ற இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியாமல் பாதுகாப்பைத் துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தபோது ஒரு காலிக் குடம் நினைவுக்கு வந்தது.

1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு அப்போது 13 வயது. எங்கள் தெருவில் ஓர் அக்கா சைக்கிள் கற்றுக்கொண்டார். தண்ணீர் எடுக்கப் போவதாக மாமியாரிடம் சொல்லி, கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கண்மாய்க்கரை வழியாக ஊரை ஒரு முழுச் சுற்று சுற்றுவார். சில நாள் அதே காலிக் குடத்தோடு திரும்பி வந்து, "குழாயில தண்ணி வரல அத்தை" என்பார். குடம் கேரியரில் இருக்கும்வரை ஊர் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

சைக்கிளால் பெண்களுக்குக் கிடைத்தவை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தண்ணீர் சுமை குறைந்தது, பிள்ளையைப் பள்ளியில் விட முடிந்தது, சந்தைக்குப் போக முடிந்தது. அவை அத்தனையும் உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் கண்மாய்க்கரைக் காற்று இல்லை. பெண்ணின் வாகனத்தை நம் சமூகம் பயனின் பெயரால்தான் அனுமதித்தது. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் பள்ளிப் பை இருக்க வேண்டும்; கார் டிக்கியில் காய்கறி இருக்க வேண்டும். வெறுமனே சுற்றிவர ஒரு பையனுக்குக் காரணம் வேண்டியதில்லை. நமக்கோ ஒரு குடமாவது வேண்டும். நான் அம்மாவிடம் சொன்ன 'பாதுகாப்பு' அப்படியொரு காலிக் குடம்தான்.

'மேடத்துக்கு வசதி' என்ற சொல்லுக்கும் வயது அதிகம். ஹென்றி ஃபோர்டு லட்சக்கணக்கில் பெட்ரோல் கார்களைச் செய்து உலகத்துக்கு விற்றார். அவர் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரை. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டாம், புகை இல்லை, சத்தம் இல்லை என்று அந்தக் காலத்தில் மின்சாரக் காரைப் பெண்களுக்கு உரியதாக விளம்பரம் செய்தார்கள். அது நல்ல வண்டிதான். ஆனால் ஒரு தடவை மின்னேற்றினால் போகக்கூடிய தூரத்துக்கு எல்லை உண்டு. வசதி என்று கொடுத்தது வேலியாகவும் இருந்தது.

அதற்கும் முன்னால், 1888 ஆகஸ்டில், பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓட்டிப் போனார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். வழியில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். மேட்டில் வண்டி ஏறாதபோது பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். அந்த அனுபவத்தின் பேரில்தான் மேடேற இன்னொரு கியர் சேர்க்கப்பட்டது என்கிறார்கள். அவரும் தாய் வீட்டுக்குப் போவதாகத்தான் குறிப்பு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினாராம். அதுவும் ஒரு குடம்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை நான் குறை சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்த என் தோழிக்கு அது வரம். நகர நெரிசலில் தினம் இரண்டு மணி நேரம் ஊர்கிறவர்களுக்கும் அதுதான் சரி. கியர் போடுகிறவள் விடுதலை பெற்றவள், போடாதவள் அடிமை என்பது அசட்டுத்தனம். உனக்கு எது வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, உனக்கு இதுதான் சரி என்று முடிவு செய்துவிடுவதுதான் என் பிரச்சினை.

எனக்கு ஏன் அது பிடிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். மிதியிலிருந்து காலை மெல்ல எடுக்கும்போது ஏதோ ஓரிடத்தில் இரண்டும் பற்றிக்கொள்ளும். அந்த இடத்தை யாரும் காட்டித்தர முடியாது. பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும். வளைவுக்கு முன் ஒரு கியர் இறக்கி, எஞ்சினின் குரல் ஏறுவதைக் கேட்டு, வெளியே வரும்போது மறுபடி அழுத்தும் அந்த நொடியில் நான் யாருடைய அம்மாவும் இல்லை, எந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளரும் இல்லை. என் உடல் எனக்காக ஒரு வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. பெண் உடல் பார்க்கப்படுவது பற்றியும் பயன்படுத்தப்படுவது பற்றியும் நிறைய எழுதியிருக்கிறேன். அது திறமையாக இயங்குவதன் சுகத்தைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதியதில்லை.

முல்லைத் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். வினை முடித்த தலைவன் பாகனிடம் தேரை விரைந்து ஓட்டச் சொல்வான். தலைவி வீட்டில் காத்திருப்பாள். உரிப்பொருள் இருத்தல். விரைவு அவனுக்கு, இருப்பு அவளுக்கு. இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுத்தவளுக்குத் தேர்மேல் ஆசை வந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஆசை இருந்தால் போதுமா? இங்கேதான் எனக்குத் தடுமாற்றம் வந்தது.

1909இல் மாரினெட்டி என்ற இத்தாலியக் கவிஞர் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டார். பாய்ந்து செல்லும் பந்தயக் கார் கிரேக்கத்தின் வெற்றித் தேவதைச் சிலையைவிட அழகானது என்றார். அதே அறிக்கையில் போரைப் போற்றினார்; பெண்ணை இகழ்வதையும் கொள்கையாக அறிவித்தார். வேகத்தை வழிபடுவதும் மெலிந்தவரை இகழ்வதும் ஒரே தாளில் அடுத்தடுத்து வந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அந்த வேகத்தைத்தான் நானும் கேட்கிறேனா?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பத்து மரணங்களில் ஏழுக்கு அதிவேகம் காரணமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. 40 கிலோமீட்டர் வேகத்தை 80 ஆக்கினால் மோதும் ஆற்றல் இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இதெல்லாம் வண்டி வாங்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருப்பது வேறு.

வண்டி வந்த மூன்றாவது வாரம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், கீரனூர் தாண்டி ஒரு நிறுத்தத்தில் பேருந்து நின்றிருந்தது. எதிரில் சாலை காலி. மூன்றாவது கியருக்கு இறக்கி அழுத்தினேன். வண்டி நான் நினைத்ததைவிட அழகாகப் பாய்ந்தது. பேருந்தின் முன்பக்கத்திலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு ஓர் அம்மா சாலைக்குள் வந்தார்.

பிரேக் பிடித்தது. இரண்டு முழ இடைவெளி இருந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை. அவர் ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் தூக்கி, தன்மேல்தான் தவறு என்பதுபோல் எனக்கு ஒரு சைகை செய்துவிட்டுப் பின்வாங்கினார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். கேட்டவர் அவர். சாலையில் இருந்ததற்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். காட்சியகத்தில் நான் பேசாமல் நின்றேனே, அதே ஒதுங்கல்தான் அது. இந்தத் தடவை ஒதுக்கியவள் நான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது ஆணா பெண்ணா என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் என்ன?

அன்று கல்லூரியில் பாடம் நடத்த முடியவில்லை. மனுநீதிச் சோழன் கதை மனதை விட்டு நகரவில்லை. இளவரசனின் தேர்ச்சக்கரத்தில் கன்று இறக்கிறது. தாய்ப்பசு வந்து மணியை அடிக்கிறது. சிறுவயதிலிருந்து அரசனின் நீதியைப் பார்க்கச் சொல்லித்தான் நமக்கு இந்தக் கதை கற்பிக்கப்பட்டது. இப்போது வேறொன்று தெரிகிறது. இளவரசன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. அவசர வேலையாகவா, சும்மா உலாவவா? பசுவுக்கு அது பொருட்டே இல்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் நின்று அந்தப் பசுவின் கண்ணீரை நினைவூட்டுகிறவள் கண்ணகி. இழந்தவளுக்குத்தான் அந்தக் கதை உதவுகிறது.

'எதற்கு' என்ற கேள்வியே தவறான கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது. பயன் இருந்தால் ஒரு செயல் நியாயமாகிவிடுவதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விடும் அவசரத்தில் ஒருவரை இடித்தாலும் இடித்ததுதான். பயன் இல்லை என்பதால் ஓர் ஆசை குற்றமாகிவிடுவதும் இல்லை. கேட்க வேண்டியது, என் மகிழ்ச்சியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது. முதல் கேள்வியைப் பெண்களிடம் மட்டும் கேட்கிறோம். இரண்டாவதை, ஸ்டியரிங் பிடிக்கும் யாரிடமும் கேட்பதில்லை.

சங்கப் பாட்டுகளை அந்த வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். நற்றிணையின் நெய்தல் பாட்டு ஒன்றில் வலவன் கடிவாளத்தைப் பார்த்துப் பார்த்துப் பிடித்து, கடற்கரை நண்டு சக்கரத்தில் சிக்காமல் தேரை ஓட்டுகிறான். அகநானூற்றின் நான்காம் பாட்டில் தலைவன், பூவில் தேனுண்ணும் வண்டுகள் கலங்கும் என்று அஞ்சித் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். இரண்டையும் சொல்கிறவள் தோழி. வீட்டிலிருந்து பார்த்த பெண்கள் தேரோட்டத்தில் எதை மெச்சினார்கள் என்பதை நான் பார்க்கத் தவறியிருந்தேன். கடிவாளத்தைப் பார்த்துப் பிடிப்பதும் கைத்திறன்தான்.

இப்போது என் வண்டியைப் பற்றி. நான் எடுத்தது பழைய வண்டி. 2021இல் பதிவான ஃபோக்ஸ்வாகன் போலோ. ஒரு லிட்டர் டர்போ எஞ்சின், 110 பிஎஸ் திறன், ஆறு கியர். முறையான ஸ்போர்ட்ஸ் கார் என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பெயருக்கு உரிய மாஸ்டா மியாட்டா நம் நாட்டுக் கடைகளுக்கு வரவில்லை. வந்தாலும் அந்தத் தாழ்ந்த வயிறு நம் வேகத்தடைகளில் உட்கார்ந்துவிடும். ஆனால் 1989இல் வந்த அந்தச் சின்ன வண்டி சொன்ன பாடம் எனக்குப் பிடிக்கும். எடை ஏறக்குறைய ஒரு டன், எஞ்சின் பெரிதல்ல, குதிரையும் வீரனும் ஓருடலாவதுதான் அதைச் செய்தவர்களின் இலட்சியம். அன்றாடச் சாலைக்கு வண்டி தேடும் பெண்ணுக்கு நான் சொல்வதும் அதுதான். 150 பிஎஸ் வண்டியின் பாதித் திறமையை நம் சாலையில் தொடவே முடியாது. தொட்டால் யாரோ விலை கொடுப்பார்கள். சின்ன எஞ்சினை முழுதாக, 60க்குள்ளேயே அனுபவிக்கலாம்.

வாங்கும் முன் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். முதுகு சாய்ந்திருக்க, கிளட்சை அடிவரை மிதித்தும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; காற்றுப்பை விரிய அந்த இடம் தேவை. இதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மோதல் சோதனைப் பொம்மைகள் பல பத்தாண்டுகளாக ஆண் உடலை அளவாகக் கொண்டவை. சராசரிப் பெண் உடலின் அளவில், இருக்கைச் சோதனைக்கான ஒரு பொம்மையை ஸ்வீடனில் அஸ்ட்ரிட் லிண்டரின் குழு வெளியுலகுக்குக் காட்டியது 2022இல்தான்.

பெட்ரோல் புகையின் கணக்கு இன்னும் தீரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் பேருந்தில் போகிறேன். அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேருந்து நிற்கும் இடத்தில் இப்போதெல்லாம் முந்துவதில்லை. இரண்டாவது கியருக்கு இறக்கி, பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தாலும், நிற்கிறேன். புல்லுக்கட்டு அம்மாவை மறுபடி பார்க்கவில்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது சைக்கிள் அக்காவைப் பார்த்தேன். அறுபதை நெருங்குகிறார். "வாங்கக்கா, வண்டியில ஏறுங்க" என்றேன்.

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்லக்கா. எனக்கு இது பிடிச்சிருக்கு. சும்மா ஒரு சுத்து."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப குடத்த எடுத்துக்கவா?"

கண்மாய்க்கரையில் ஆடுகள் குறுக்கே வந்தன. நிறுத்திக் காத்திருந்துவிட்டு, முதல் கியரைப் போட்டேன்.