31 புள்ளி போதுமா?

மருந்தியல் படிப்பில் அப்போது நான் மூன்றாம் ஆண்டு. இறுதித் தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. மாமாக் கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு நானும் என் நண்பனும் கைப்பேசியில் கணக்குப் போட்டோம். நீங்களும் போட்டிருப்பீர்கள்.

எங்கள் பாடத்தில் கோர்ஸ்வொர்க்குக்கு 60 புள்ளி, இறுதித் தேர்வுக்கு 40. 'ஏ' வாங்க மொத்தம் 80 வேண்டும். அந்த 80-இலிருந்து கையில் இருப்பதைக் கழித்து, மிச்சத்தை 40-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் தேர்வில் நூற்றுக்கு எத்தனை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

நண்பன் கையில் 56 இருந்தது. இன்னும் 24 போதும். அதாவது நூற்றுக்கு 60. "மச்சான், இத கண்ண மூடிக்கிட்டே எடுத்துரலாம்" என்று சிரித்தான். என் கையில் 39தான். எனக்கு 41 வேண்டும், ஆனால் தேர்வே 40-க்குத்தான்! நூற்றுக்கு 102.5. "ஒனக்கு ஏ போச்சுடா" என்றான். சரி, 70 எடுத்தால் 'பி பிளஸ்' கிடைக்குமே என்று இலக்கை இறக்கினேன். அதற்கு 31 போதும்.

ஐந்து கேள்விகளில் நான்குக்கு விடை எழுதினால் போதும் என்பதால் இரண்டு பேருமே ஓர் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டோம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மருந்தின் அளவை எப்படி மாற்றுவது என்ற அத்தியாயம் அது. அவனுக்கு அது இல்லாமலே ஏ கிடைக்கும். எனக்கோ அதைப் படித்தாலும் ஏ கிடைக்காது. முடிவு வந்தபோது அவனுக்கு ஏ, எனக்கு பி பிளஸ். கணக்கு கொஞ்சம்கூடத் தப்பவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு மருத்துவமனையில் பயிற்சி. இனிப்பு நீர் உள்ள ஒரு பாட்டி மருந்துச் சீட்டோடு வந்தார். சீட்டில் மெட்பார்மின் இருந்தது. ரத்தப் பரிசோதனையில் அவருடைய சிறுநீரகச் செயல்பாடு 30-க்கும் கீழே. "தம்பி, இதக் கொடுக்கலாமா?" என்று மூத்த மருந்தாளர் அக்கா கேட்டார். "கொடுக்கலாம் அக்கா" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. டாக்டரைத் தொலைபேசியில் அழைத்து மருந்தை மாற்றச் சொன்னார். அந்த நிலையில் மெட்பார்மின் கொடுக்கக் கூடாது. மருந்து உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். பாட்டிக்கு இது எதுவும் தெரியாது. புது மருந்தை வாங்கிக்கொண்டு, "நல்லா இரு ஐயா" என்று என்னை வாழ்த்திவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்படியென்றால் கணக்குப் போட்டது தப்பா? இல்லை. எந்தப் பாடத்துக்கு நேரம் அதிகம் வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லதுதான். முதல் வகுப்பில் தேறினால், தகுதி உள்ளவர்கள் பி.டி.பி.டி.என். கடனிலிருந்து விலக்குக் கேட்கலாம். பகுதி நேர வேலையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்குதான். புள்ளியைப் பற்றி நினைக்காதே என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்யச் சொல்கிறது கீதை. பேச்சுப் போட்டிகளில் இதை எத்தனை தடவை பேசியிருப்போம்! பற்று என்றால் பேராசை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பலன் உறுதி என்று தெரிந்ததும் கையைக் கட்டிக்கொண்டான் நண்பன். பலன் இல்லை என்று தெரிந்ததும் கையை விரித்தேன் நான். இரண்டுமே பற்றுதான். பேராசையே இல்லாமல் இரண்டு பேரும் பலனைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். 'பி பிளஸ்ஸுக்கு எவ்வளவு வேண்டும்?' என்ற கேள்விக்கு 31 சரியான விடை. 'அந்தப் பாட்டிக்கு நான் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?' என்ற கேள்விக்கும் அதையே விடையாக எடுத்துக்கொண்டதுதான் என் தவறு.

இப்போதும் நான் அந்தக் கணக்கைப் போடுகிறேன். போட்டு முடித்ததும், விட்டுவிடலாம் என்று தோன்றும் அத்தியாயத்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, இது பிற்பாடு யாருக்குத் தேவைப்படும் என்று கேட்டுப் பார்க்கிறேன். பாட்டி வந்துபோன அந்த வாரமே பழைய நோட்டைத் தேடி எடுத்து, விட்ட அத்தியாயத்தைப் படித்து முடித்தேன். அதற்கு யாரும் புள்ளி போடவில்லை.